உள்ளபடிப் படம்

எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஒரு சினிமாத் திரை கிடைக்கும். தைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். ஆனால் என் தையல் நேராக ஓடவில்லை. படத்தில் யார் வந்து நின்றாலும் அவர் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோணல் கோடு போகும். டாக்டர், குயவர், துரைமார் யாரும் அதிலிருந்து தப்பவில்லை. "யாரு தச்சது இது, ஓணான் ஓடுன மாதிரி?" என்று எங்கள் படச் சங்கத்து வாத்தியார் ஒருமுறை கேட்டாராம். என் கணவர் வாயே திறக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

தையல் கோணியதற்குக் காரணம் உண்டு. எனக்கு வாக்கான கை இடது கை. ஊசியைப் பிடித்ததோ வலது கை. சின்ன வயதில் என் இடது கையை அடித்து அடித்து வேலைக்கு ஆகாததாக ஆக்கிவிட்டார்கள். அதற்கு ஈடாக வலது கை ஒன்றும் கெட்டிக்காரக் கையாகிவிடவில்லை. இரண்டும் கெட்டானாக நான் வளர்ந்து, கல்யாணமாகி, மதுரைக்கு மேற்கே பரவையைத் தாண்டி ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன்.

அது யுத்த காலம். எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் அரை மணி தூரத்தில், திண்டுக்கல் ரோட்டோரம், ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் படித்து வெளியே வந்த ஐந்தாறு பேர் கூடி ஒரு படச் சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் அங்கேயே வாத்தியார்கள். ஒருவர் கம்பவுண்டர், ஒருவர் பரவைச் சந்தையில் வெங்காய வியாபாரி. வயலைப் பார்த்துக்கொண்டே கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்து வேலையும் பார்த்த என் கணவர் ஐந்தாவது ஆள். பாட்டும் சண்டையும் பார்க்க வேண்டும் என்றால் டவுனில் கொட்டகைகள் இருக்கின்றன, நாம் உலகத்தில் நடக்கிறதைக் காட்டுவோம் என்பது அவர்கள் எண்ணம்.

இப்போது ஆவணப்படம் என்கிறார்கள். அந்தச் சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. நோட்டீசில் என்ன போடுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ‘உள்ளதை உள்ளபடி காட்டும் படங்கள்’ என்று அச்சடித்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கி ‘உள்ளபடிப் படம்’ ஆக்கிவிட்டார்கள். "இன்னைக்கு உள்ளபடிப் படம் இருக்காம்ல?" என்று யாராவது கேட்டால் அது மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

பெண்களும் வந்து பார்க்க வேண்டும் என்று சங்கத்தாருக்கு ரொம்ப ஆசை. ஆனால் விளக்கை அணைத்த கொட்டகையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? வழி கண்டுபிடித்தவர் மூத்த வாத்தியார். பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கொட்டகையின் நட்ட நடுவில் திரையைக் கட்டினார். மெஷின் இருக்கிற பக்கம் ஆண்கள், திரைக்குப் பின்பக்கம் பெண்கள். துணியை நன்றாக நனைத்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவி இந்தப் பக்கமும் படம் தெரியும். பள்ளிக்கூடத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியாலேயே திரையையும் நனைத்தார்கள். அரை மணிக்கொரு தரம் துணி காய்ந்து படம் மங்கும். "ஐயா, துணி காஞ்சிருச்சு!" என்று நாங்கள் கத்துவோம். மெஷினை நிறுத்திவிட்டு வாத்தியார் பெஞ்சின் மேல் ஏறித் தண்ணீர் ஊற்றுவார். முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டது அடக்கத்துக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

படம் ஆங்கிலத்தில் பேசும். அதைத் தமிழில் சொல்ல அதே வாத்தியார் ஆண்கள் பக்கம் திரையோரமாக ஒரு தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு ஒரு மகள், மூன்றரை வயது. அவளுக்கும் இடது கை. என்னிடமிருந்துதான் வந்திருக்கும், வேறு யாரைக் குற்றம் சொல்ல? எங்கள் பக்கம் வலது, இடது என்று பேச மாட்டார்கள். சோறு தின்கிற கை சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை. வழி கேட்டால்கூட "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்றுதான் சொல்லுவார்கள். இப்படி ஒரு பெயரை வைத்த பிறகு அந்தக் கைக்கு என்ன மரியாதை மிஞ்சும்? பாப்பா அந்தக் கையால் எடுத்துத் தின்றாள், அந்தக் கையாலேயே பெரியவர்களுக்கு வெற்றிலையை நீட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி, தூரத்து உறவு, என் மாமியாரை அத்தாச்சி என்று கூப்பிடுகிறவள், ஒரு நாள் முற்றத்தில் நாலு பேர் முன்னால் சொன்னாள்: "கட்டிப் போடுங்க அத்தாச்சி. பொம்பளப் புள்ள. நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுல போயி இந்தக் கையால பரிமாறுனா நம்மளத்தான் காறித் துப்புவாக."

அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார் உடனே கட்டிவிட்டார். தம்முடைய பழைய சுங்குடிச் சேலையில் ஒரு கிழிசலை எடுத்து, பாப்பாவின் இடது கையை மடக்கி இடுப்போடு வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். "வார விஜயதசமிக்கு ஏடு தொடங்கணும். அதுக்குள்ள சோத்தாங்கைக்கு வந்துரணும்" என்றார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் செத்த பிறகு வயலையும் மாடுகளையும் மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவர். சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் அவருக்குக் கூலியாட்கள் வந்தார்கள், வாய்க்கால் தண்ணீர் வந்தது. அவர் கட்டியதை நான் எப்படி அவிழ்ப்பேன்?

எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அடுப்படியில் நான் கரண்டியை எடுத்தால் போதும், அத்தை எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். காய் நறுக்கிக்கொண்டிருந்தால்கூட அரிவாள்மனையைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். என் சமையலைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஒரு வகையில் அது வசதியாகவும் இருந்தது. அவர் தலை மறைந்ததும் கரண்டி என் இடது கைக்கு மாறிவிடும்.

பாப்பாவுக்கு அந்த வசதியும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கப் போகிறவரை கட்டு. வலது கையால் அள்ளிய சோறு பாதி தரையில் விழும். முதல் வாரம் அழுதாள். பிறகு அழுகையை விட்டுவிட்டுப் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் சின்ன வயதில் அப்படித்தான் வாயடைத்துப் போனேன் என்று என் அம்மா சொல்லுவார். இது எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

முதல் உள்ளபடிப் படம் மாசி மாதத்தில் நடந்தது. மாட்டு நோய் பற்றிய படம் என்று கம்பவுண்டர் சொன்னதால் அத்தை கிளம்பினார். மாடு என்றால் அவர் மதுரையென்ன, மலைக்கே வருவார். வண்டியில் அத்தை, நான், பாப்பா, பக்கத்து வீட்டுக்காரி, இன்னும் நாலைந்து பெண்கள்.

விளக்கு வைக்கிற நேரம். சன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டியிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்ததும், ஆங்கிலத்தில் படத்தின் பெயர் வந்தது. நானும் பிறந்த ஊரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஓஹோ, பின்பக்கம் என்பதால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆங்கிலம் தெரியாத மற்ற பெண்களுக்கு அது ஏதோ வெள்ளைக்காரன் கிறுக்கல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

மாட்டுப் படம் முடிந்து இன்னொன்று போட்டார்கள். வடக்கே எங்கேயோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சிலேட்டில் எழுதுகிறார்கள். அத்தனை பேரும் இடது கையால். எழுதி முடித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதுவும் இடது கையால்.

எங்கள் பக்கம் கொட்டகையே இரண்டாகிவிட்டது.

"அய்யய்யே! பீச்சாங்கையில திங்கிதுக!"

"வடக்க அப்படித்தான் போல, விடுடி."

"ஒண்ணு ரெண்டா? அம்புட்டும்ல திங்கிது!"

அந்தப் பக்கத்திலிருந்து தகரக் குழல் கணீரென்று சொன்னது: "பிள்ளைகள் வலது கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு சாப்பிடுவதைக் கவனியுங்கள்."

பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். "பாவம், வாத்தியாருக்குச் சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியல. இவருகிட்டப் படிக்கிற புள்ளைக என்னத்துக்கு ஆகும்?" பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காரணம் வேறு.

அடுத்தது ஆஸ்பத்திரிப் படம். டாக்டர் ஊசியை எடுத்துக் காட்டியதும் பாப்பா பயந்துபோய் எழுந்து ஓடினாள். எங்கே ஓடுவது என்று தெரியாமல் திரைக்கு அடியில் நுழைந்து ஆண்கள் பக்கம் போய்விட்டாள். நான் எழுந்திருக்கப் போனேன். "நீ இரு" என்று அத்தை என் தோளை அழுத்திவிட்டு, தாமே குனிந்து ஈரத்துணிக்கு அடியில் புகுந்து போனார். வயதானவர், ஆண்கள் பக்கம் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளக்கைப் போட்டபோது பார்த்தேன், பாப்பாவின் தாடையில் ஒரு சிராய்ப்பு. அத்தையின் தலையெல்லாம் ஈரம்.

திரும்பி வரும்போது வண்டியில் எல்லாரும் படத்தைப் பற்றிப் பேசினார்கள். அத்தை பேசவில்லை. பரவைச் சந்தைத் திடலைத் தாண்டிய பிறகு, யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "ஊரு உலகத்துல புள்ளைக பீச்சாங்கையிலதான் எழுதுதுக. டாக்டரே அந்தக் கையிலதான் ஊசி போடுறாரு. நம்ம புள்ள கைய மட்டும் எதுக்குக் கட்டிப்போடணும்?"

"அதுக்கில்ல அத்தாச்சி..." என்று ஆரம்பித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என்ன அதுக்கில்ல? நீயும் உன் கண்ணால பாத்தேல்ல? உள்ளபடிப் படம்னுதான நோட்டீசு போட்டிருக்கான்?"

மறுநாள் காலையில் சுங்குடிக் கிழிசல் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. பாப்பா இரண்டு கையையும் வீசிக்கொண்டு கோழியை விரட்டினாள். நான் கொல்லையில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கே என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரி சிரி என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "சொல்லிராத தாயி. மாறித் தெரியுதுன்னு தெரிஞ்சா பொம்பளைக எல்லாம் நாங்களும் முன்பக்கம்தான் உக்காருவோம்பாக. அதுக்கு ஆம்பளைக ஒத்துக்கிட மாட்டாக. சங்கமே படுத்துரும்" என்றார். அவருக்குச் சங்கம். எனக்குப் பாப்பாவின் கை. இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

அதன் பிறகு மாதம் தவறாமல் போனோம். என்னென்ன பார்த்தோம்! கிணற்றில் மருந்து போடுவது, பட்டுப்புழு கூடு கட்டுவது, ஆற்றின் குறுக்கே பாலம் எழும்புவது, பனி மூடிய நாட்டில் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது. மதுரையைத் தாண்டி எதையும் பார்த்திராத பெண்கள் கப்பல் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தார்கள். அத்தனையையும் இடவலம் மாற்றித்தான் பார்த்தோம், அதனால் என்ன? எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. தச்சர் இடது கையால் இழைப்புளி தள்ளுவார். குயவர் இடது கையால் பானைக்கு வாய் வைப்பார். நர்சு இடது கையால் கட்டுப் போடுவாள். மாறித் தெரிகிறது என்று அறிந்தவள்தான் நான். இருந்தும் என்னைப் போன்றவர்களே நிறைந்த ஓர் உலகத்தை மாதம் ஒரு முறை பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. அந்தச் சங்கத்துக்கும், அந்தப் பூவாளிக்கும், நான் தைத்த கோணல் துணிக்கும் நான் கடன்பட்டவள்.

சந்தோஷத்தோடு ஒரு முள்ளும் இருந்தது. அத்தையை நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். யாராவது பாப்பாவின் கையைப் பற்றி வாயெடுத்தால் அவர் படத்தைச் சாட்சிக்கு இழுப்பார். "படத்துல பாக்கலையா நீயி?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். என்றைக்காவது உண்மை தெரிந்தால்? என்னை என்ன சொன்னாலும் சரி. மறுபடியும் அந்தக் கிழிசலை ஆணியிலிருந்து எடுத்துவிட்டால்? ஆணியில் அது தொங்கிக்கொண்டேதான் இருந்தது. அத்தை அதை எடுத்து வீசவில்லை.

புரட்டாசி வந்தது. விஜயதசமிக்குப் பத்து நாள் இருந்தது. அந்த மாதம் நம் பக்கத்துப் படம் ஒன்று வருகிறது என்று சங்கத்தார் குதித்துக்கொண்டு இருந்தார்கள். தென்னாட்டைப் பற்றி எடுத்த படமாம், அதில் வண்டியூர்த் தெப்பக்குளமும் வருகிறதாம். கொட்டகையில் அன்று எள் போட இடமில்லை.

வயல், பனைமரம், சந்தை எல்லாம் வந்து போயின. பிறகு தெப்பக்குளம். தைப்பூசத் தெப்பம். நிறையத் தண்ணீர், நடுவில் மைய மண்டபம், ஜோடித்த தெப்பத்தில் அம்மனும் சாமியும். கல்படியில் நின்று ஆட்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். தெப்பம் நகர்ந்தது.

நான் பார்த்தேன். தெப்பம் மைய மண்டபத்தை இடமாகச் சுற்றி வந்தது.

பாலமும் கப்பலும் எந்தப் பக்கம் போனால் எங்களுக்கு என்ன? ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தை மாதம் தவறாமல் தெப்பம் பார்த்தவர்கள். சாமி வலம்தான் வரும். இடம் சுற்றுவது எழவு வீட்டுச் சடங்கில்.

தகரக் குழல் முழங்கியது: "இதோ, தெப்பம் வலம் வருகிறது!"

"எங்கய்யா வலம் வருது?" என்று ஒரு குரல் கேட்டது. வண்டியூரில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு அம்மா எழுந்துவிட்டார். "நான் பொறந்த ஊரு. எனக்குத் தெரியாதா? சாமிய எடஞ்சுத்த விட்டுட்டு வலம் வருதுங்கிறீரு! யாரு எடுத்த படம்யா இது? வெளங்குமா ஊரு?"

பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து, "சரியாத்தான் சுத்துது, உக்காரு ஆத்தா!" என்று சத்தம். "எங்க சரியா சுத்துது?" என்று இங்கேயிருந்து சத்தம். அந்த அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு திரைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். பிறகு அங்கேயிருந்து அவர் குரல்: "அடியாத்தே! இங்கிட்டுப் பாத்தா சரியாத்தான்டி சுத்துது! வாங்கடி இங்க!"

அவ்வளவுதான். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் திரைக்கு அடியில் குனிந்தால் என்ன ஆகும்? மூங்கில் சாய்ந்து, என் கோணல் தையலோடு ஈரத்துணி முழுதும் எல்லார் தலையிலும் விழுந்தது. தெப்பம் கொஞ்ச நேரம் வெங்காய வியாபாரியின் சட்டை மேல் மிதந்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நின்ற பெண்கள் பக்கம் பார்த்து வாத்தியார் தகரக் குழலைக் கீழே இறக்கிவிட்டு, "பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் மாறித்தானம்மா தெரியும்" என்றார். குழல் இல்லாமல் கேட்டபோது மூக்கின் வழியாகப் பேசுகிற மாதிரி இருந்தது அவர் குரல்.

அத்தை மட்டும் எழுந்திருக்கவே இல்லை. தூங்கிப்போன பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

வண்டியில் பேச்சு வெடித்தது. "அப்ப இம்புட்டு நாளும் நாம பாத்தது அம்புட்டும் மாத்தித்தானா?" "அந்தப் புள்ளைக சோத்தாங்கையிலதான் சோறு தின்னுச்சா?" "பாவம்டி வாத்தியாரு, அவரப் போயி..." பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அத்தையின் மடியைப் பார்த்தாள். பாப்பாவின் இடது கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தக் கை விசயம் என்ன ஆச்சு அத்தாச்சி?" என்றாள். அத்தை முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடினார். நான் அன்று தூங்கவில்லை.

விடிந்ததும் நான் பயந்தபடியே நடந்தது. அத்தை கூடத்துக்கு வந்து, ஆணியில் தொங்கிய கிழிசலை எடுத்து உதறினார். முற்றத்தில் பாப்பா கரித்துண்டால் தரையில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால். நான் குறுக்கே போய் நின்றேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அத்தைக்குக் குறுக்கே நான் நின்றது அதுதான் முதல் தடவை.

"அத்தே, கட்டாதீக. குத்தம் என்னுது. துணிக்குப் பின்னாடி மாறித்தான் தெரியும்னு எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, அவ கையக் கட்டாதீக" என்றேன். எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பேச்சு.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"புள்ளையப் பிடிக்க அந்தப் பக்கம் போனேன்ல அன்னைக்கி? நிமிந்து பாத்தேன். டாக்டரு சோத்தாங்கையிலதான் ஊசி வச்சிருந்தாரு."

"அப்ப எதுக்கு அத்தே வண்டியில அப்படிச் சொன்னீக?"

அவர் கிழிசலைக் கையில் சுருட்டினார். "துணிக்கு அடியில குனிஞ்சு போனா, இந்தப் புள்ள குப்புற விழுந்து கெடக்கா. ஒத்தக் கைய ஊண்டி எந்திரிக்கப் பாக்குறா, முடியல. அழவும் இல்ல. அத்தன ஆம்பளைகளும் படத்தப் பாத்துக்கிட்டு இருக்காக. நான் இவளப் பாத்தேன்." முற்றத்தில் இருந்த பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "கட்டுனவ நானு. நாலு பேரு பாக்கக் கட்டுனேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவுக்கிறது? ஒரு சாக்கு வேணும்ல? சன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டுனாகள்ல, அதுல எனக்கும் ஒண்ணு கெடச்சுச்சு."

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். அத்தையின் கையில் கிழிசலைப் பார்த்ததும் அவளுக்குத் திருப்தி. "கட்டப் போறீகளா அத்தாச்சி? நல்லது. உண்மைதான் வெளிய வந்துருச்சே."

"சாமி சுத்துறதே இந்தப் பக்கம் பாத்தா எடம், அந்தப் பக்கம் பாத்தா வலம்" என்றார் அத்தை. "அதுக்காக நீ சாமியக் கட்டிப் போட்டியா? புள்ள கை புள்ள கைதான். போயி வேலையப் பாரு."

அந்தச் சுங்குடிக் கிழிசல் அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படியில் பானை இறக்குகிற கரித்துணி ஆயிற்று. எரிந்து ஓட்டையாகிற வரை இருந்தது.

படச் சங்கம் படுத்துவிடவில்லை. இரண்டு மாதம் தள்ளாடிவிட்டு எழுந்துகொண்டது. கொட்டகையின் கடைசிச் சுவரில் திரையைக் கட்டி, நடுவில் ஒரு கயிறு இழுத்து, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள் என்று உட்கார வைத்தார்கள். நாங்கள் பூவாளித் தண்ணீரிலிருந்து தப்பித்தோம். உலகம் நேராகத் தெரிந்தது. எனக்கென்னவோ அந்தப் பழைய பக்கம்தான் பிடித்திருந்தது.

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பினோம். அத்தை பாப்பாவை மடியில் வைத்து, வலது கை விரலைப் பிடித்து ஒரே ஒரு ‘அ’ எழுத வைத்தார். "சாமிக்கு ஒண்ணு இந்தக் கையில. மத்தத உனக்கு வாக்கான கையில எழுதிக்க" என்று பிடியை விட்டார். பாப்பா கை மாற்றிக்கொண்டு தாம்பாளம் முழுக்கக் கிறுக்கினாள். பிற்காலத்தில் அவள் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகிக் கரும்பலகையில் இடது கையால் எழுதினாள். அவள் எழுத்து அவ்வளவு அழகு.

அன்று அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து முந்திரிப்பருப்பை உடைத்துக்கொண்டிருந்தார். பொங்கல் அடிப்பிடிக்கப் போகிறது என்று நான் கரண்டியை எடுத்தேன். வலது கையில்தான். வழக்கம்போல் அவர் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் எழவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னார்: "எத்தன நாளைக்குத்தான் நானும் எந்திரிச்சு எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறது? முழங்கால் வலிக்குது. நீ எந்தக் கையில கிண்டுவன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குக் கண் மறைத்தது. புகை என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். ஐந்து வருஷமாக அவர் கொல்லைக்குப் போனதெல்லாம் எனக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. நன்றி என்று சொல்ல எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கரண்டியை இடது கைக்கு மாற்றினேன்.

"நல்லா அடியோட கிண்டு" என்றார் அத்தை. எழுந்து போகாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.